குறுவை நெருங்கும்போது பழைய டிராக்டர்: பிரிப்பதா, ஒப்பேற்றுவதா, வாடகைக்கு அழைப்பதா?

2023 வைகாசி. நாற்று விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் வண்டியை எடுக்கப் போனால் மூன்று தடவை செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லை. நாலாவது தடவை பிடித்தது. பிடித்த வேகத்தில் சைலன்சர் நீலப் புகையைக் கக்கிக் கொட்டகையையே நிரப்பிவிட்டது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். முந்தின நாள் காலையில் மேல் கோட்டில் நின்ற ஆயில் கீழ்க் கோட்டுக்கு இறங்கியிருந்தது. அன்று ஓட்டியது எட்டு மணி நேரம்கூட இருக்காது. மூன்று சிலிண்டர் வண்டி, 1998இல் அப்பா வாங்கியது. சொந்த வயல் ஐந்து ஏக்கர். நடவுக்குக் கையில் இருந்தது பத்து நாள்.

காவிரி டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பத்து நாளின் அருமை புரியாமல் போகலாம். மாதத்துக்கு ஒரு வாரம் என்பது நாற்று வயதுக்குப் பழைய கணக்கு. மூன்றரை மாதப் பயிரென்றால் மூன்று, மூன்றரை வாரத்துக்குள் நாற்று வயலில் இருக்க வேண்டும். ஆடுதுறை 36, 43, கோ 51 மாதிரி குறுகிய வயது ரகங்களில் 25 நாளைத் தாண்டிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தாலும் கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நாள் ஆகும், கடைமடைக்கு இன்னும் பல நாள். அணை திறப்பு தள்ளிப்போகிற வருடமும் உண்டு; 2024இல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அதனால் போர்வெல் வைத்திருப்பவர்கள் ஆற்றை எதிர்பார்க்காமல் முன்னதாகவே நாற்று விட்டுவிடுகிறோம். ஊரே ஒரே பத்து நாளில் சேறடிக்கிறது, அதாவது தண்ணீர் கட்டிய வயலை நடவுக்காகச் சேறாக உழுகிறது. டிராக்டர், மெக்கானிக், லேத்துப் பட்டறை மூன்றுக்கும் அந்த நாட்களில்தான் கிராக்கி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீசனுக்குள் எஞ்சினைத் திறக்கக் கூடாது. எஞ்சினுக்கு வெளியே உள்ள வேலைகளை மட்டும் முடித்து, கனமான சேற்றுழவை வாடகை வண்டிக்குக் கொடுத்துவிட்டு, அறுவடையெல்லாம் முடிந்த மாசியில் நிதானமாகப் பிரிக்க வேண்டும். இதற்கு இரண்டு விதிவிலக்கு உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் இந்த யோசனையே ஆபத்தாகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நோய் என்ன?

எங்கள் மெக்கானிக் அண்ணன் வந்ததும் ஸ்பானரைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்த வாயில் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையை வாங்கி வைத்தார். குபுக் குபுக்கென்று சூடான காற்று உள்ளங்கையைத் தள்ளியது. எடுத்துப் பார்த்தால் ரேகையெல்லாம் ஆயில். எரிகிற காற்று, பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அடுத்து, வண்டி நன்றாகச் சூடாகும்வரை காத்திருந்து, மெதுவான ஓட்டத்தில் ஆயில் பிரஷர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். முள் விழவில்லை. கடைசியாக ஆயில் குச்சியில் இருந்த சொட்டை விரலில் தேய்த்து, வெயிலில் காட்டி, முகர்ந்தார். மினுமினுப்பு இல்லை, டீசல் வாடை இல்லை, வெண்மை இல்லை.

“ரிங்கு தேஞ்சா வண்டி ஆயில் குடிக்கும் தம்பி, ஆனா ஓடும். பேரிங் போனா ஓடாது. ஓட்டுனா கிராங்க்கையும் சேத்துத் தின்னுடும்.”

கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு, பேரிங் அதைத் தாங்குவது. முதல் விதிவிலக்கும் இதில்தான் இருக்கிறது. சூடான பிறகு ஆயில் பிரஷர் சரிந்தாலோ, அடியில் இருந்து டக் டக்கென்று சுத்தியல் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தாலோ வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவதுகூடத் தப்பு; கட்டி இழுத்து வாருங்கள். இரண்டாவது, எஞ்சின் ஆயிலில் தண்ணீர். குச்சியில் ஆயில் வெளுத்து, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டோ, பிஸ்டன் ஓடுகிற குழாயான லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையமோ போயிருக்கும். அதைத் திறக்காமல் விடவே முடியாது. கேஸ்கெட் மட்டும்தான் என்றால் ஹெட்டை இறக்கி, மட்டம் பார்த்துத் தேய்த்து வாங்கி மாட்ட இரண்டு நாள் போதும், நாற்று காத்திருக்கும்.

கரும்புகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் ஏர் கிளீனர் அடைப்பு அல்லது டீசலைத் தெளிக்கும் நாசில். காலையில் வெள்ளையாக வந்து சூடானதும் நின்றுவிடுகிற புகையும் அவசர வேலை கிடையாது. நீலம் விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. என் வண்டியில் அதுதான்.

ஒப்பேற்றுவது

இந்தச் சொல்லைக் கேட்டாலே சிலருக்கு அரைகுறை வேலை என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீசனில் வண்டி வயலில் நிற்கக் காரணமாவது பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே இருக்கும் சில்லறைச் சாமான்கள்தான். அவற்றை ஒழுங்காகச் செய்ய இரண்டு நாள் போதும்.

முதலில் டீசல் லைன். என் வண்டி காலையில் பிடிக்காமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் ரிங் இல்லை, லைனில் காற்று. ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை நெம்பை அடித்தால் முதலில் நுரைதான் வரும், சோப்புத் தண்ணீர் மாதிரி. அடித்துக்கொண்டே இருந்தால் நுரை குறைந்து, குமிழ் விட்டு விட்டு வந்து, அப்புறம் கண்ணாடி மாதிரி டீசல் வழியும். அந்த நேரத்தில் ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். அப்படியும் பிடிக்காவிட்டால் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, அங்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஆனால் காற்றை எடுத்துவிட்டதோடு வேலை முடியாது, காற்று எங்கே நுழைந்தது என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் ஐந்து ரூபாய் செப்பு வாஷர் ஒன்று நசுங்கியிருந்தது. ஆறு மாதமாகப் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு நாசில். கழற்றிப் பம்பு வேலை செய்யும் பட்டறையில் கொடுத்தால் பிரஷர் பார்த்து ஒரே நாளில் தருவார்கள். பழைய வண்டிகளில் ஏர் கிளீனர் ஆயில் கிண்ணம் வைத்தது. சித்திரைப் புழுதி உழவு முடிந்ததும் அந்தக் கிண்ணத்தைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அடியில் களிமண் மாதிரிப் படிந்திருக்கும். ரிங்கைத் தின்பதே அந்தத் தூசிதான். ரேடியேட்டர் வலையில் ஒட்டியிருக்கும் வைக்கோல் தூசியைப் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்து எடுக்க வேண்டும். சேற்றில் வண்டி மெதுவாகப் போகும், எஞ்சின் முழு பாரத்தில் இருக்கும், காற்றும் படாது. அப்போதுதான் சூடு ஏறும்.

சேற்றில் இறங்குகிற வண்டிக்கு இன்னொரு வியாதி உண்டு. கேஜ் வீல் (கூண்டுச் சக்கரம்) போட்டு நாள் முழுக்கச் சேற்றில் ஓட்டினால், தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். பல பழைய மாடல்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். கீழ் நட்டைத் தளர்த்தி ஒரு கிளாஸில் பிடித்துப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும், சீலையும் சேர்த்து. லிஃப்ட் மெதுவாக இறங்கினால் ஒரு சீசன் சமாளிக்கலாம். தூக்கவே இல்லை என்றால் முடியாது.

கிளட்ச்தான் இந்தப் பட்டியலில் பெரிய வேலை. வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கிளட்ச் வழுக்குகிற வண்டியைச் சேற்றில் இறக்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடும், இழுக்க இன்னொரு வண்டி தேட வேண்டியிருக்கும். அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பிரித்த கையோடு பிளேட் மட்டுமில்லாமல் ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்க ஆயில் சீல் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பொருள் விலை குறைவு, பிரிக்கிற கூலிதான் அதிகம். ஒருமுறை விலை குறைவென்று பெயர் தெரியாத பிளேட்டை வாங்கிப் போட்டேன். ஒரு சம்பாவைக்கூடத் தாங்கவில்லை. மறுபடியும் அதே கூலி.

கிளட்ச்சைத் தவிர்த்து, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் எனக்கு ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது.

ஹாஃப் எஞ்சின்

பிஸ்டன், ரிங், லைனர் மாற்றி, ஹெட்டில் வால்வு வேலை பார்த்து மாட்டுவதை எங்கள் பக்கம் ஹாஃப் எஞ்சின் என்பார்கள். கிராங்க் வண்டியிலேயே இருக்கும். எனக்குச் சொன்ன கணக்கு 38,000 ரூபாய். “எத்தனை நாள் அண்ணே?” என்று கேட்டேன். “நாலு நாள்” என்றவர் உடனே சேர்த்துச் சொன்னார்: “பிரிச்சிட்டா அப்புறம் நாள் என் கையில இல்ல தம்பி, லேத்துக்காரர் கையில.”

அது நூற்றுக்கு நூறு உண்மை. சுற்றிலும் தண்ணீர் படுகிற வெட் லைனர் என்றால் மெக்கானிக்கே வெளியே இழுத்துப் புதிதை இறக்கிவிடலாம். டிரை லைனர் அப்படி இல்லை; பிளாக்கில் அழுத்தி ஏற்றி, பல சமயம் உள்பக்கம் கடைந்து மட்டமும் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரியாமல் நாள் கணக்குப் போடவே முடியாது. பிரித்த பிறகு கிராங்க்கில் கோடு தெரிந்தால் ஹாஃப் எஞ்சின் அங்கேயே ஃபுல் எஞ்சினாகிவிடும். நாலு நாள் என்பது பன்னிரண்டு நாளாவது இப்படித்தான்.

சரி, நாலே நாளில் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் செய்ய மாட்டேன். புது ரிங் லைனரோடு பொருந்தி உட்கார முதல் 50 மணி நேரம் மிதமான பாரத்தில் ஓட வேண்டும். அதிகம் ஐடிலில் விடவும் கூடாது, திணறத் திணற இழுக்கவும் கூடாது. சேறடிப்பதோ ஒரு டிராக்டர் செய்கிற வேலைகளிலேயே கனமானது. 38,000 செலவழித்த எஞ்சினை மறுநாளே கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறக்குவது, பிள்ளை பெற்றவளை மறுநாளே நடவுக்கு அனுப்புகிற மாதிரி.

ஃபுல் எஞ்சின் பற்றிச் சீசனுக்குள் பேசவே வேண்டாம். எஞ்சினை முழுதாக இறக்கி, கிராங்க்கைக் கடைந்து, புது சைஸ் பேரிங் போடுகிற வேலை அது. ஒரே ஒரு விஷயம் மட்டும்: பட்டறையில் பத்து, இருபது, முப்பது என்று சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு கடைந்திருக்கிறார்கள் என்பதைத்தான். முப்பது கடைந்த கிராங்க் உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருந்தால் அடுத்த தடவை கிராங்க்கையே மாற்ற வேண்டி வரலாம். பழைய பில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள்.

செலவழிக்கத் தகுதியான வண்டியா என்பதைப் பொருள் கிடைப்பதுதான் முடிவு செய்யும். மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டருக்கு எஞ்சின் செய்கிற சிம்ப்சன் நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. ஐஷர் டிராக்டரை 2005இல் டாஃபே நிறுவனம் வாங்கிக்கொண்டதால் அந்த வரிசையும் தொடர்கிறது. மத்திய அரசு நிறுவனமான எச்எம்டி அப்படி இல்லை. அந்த டிராக்டர் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. நல்ல உழைப்பாளி வண்டி, வைத்திருப்பவர்கள் விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் புதுப் பாகம் கைக்கு வந்த பிறகே போல்ட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும்.

வாடகை வண்டி

இங்கே கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் நான் முடிவுக்கு வந்தேன். அந்த வருடம் எங்கள் பக்கம் ரோட்டவேட்டர் (சுழலும் கத்திக் கலப்பை) போட்டுச் சேறடிக்க மணிக்கு 1,100 ரூபாய் கேட்டார்கள். ஐந்து ஏக்கருக்கு இரண்டு சால் ஓட்ட சுமார் 13 மணி நேரம், 14,300 ரூபாய். கேட்கும்போது மலைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதே வேலையை என் வண்டியில் செய்தாலும் மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் குடிக்கும். லிட்டர் 94 ரூபாய் கணக்கில் 6,100 ரூபாய். அது குடிக்கிற எஞ்சின் ஆயிலைச் சேர்த்தால் 7,000. ஆக நான் மிச்சப்படுத்துவது ஏழாயிரத்துச் சொச்சம். அந்தப் பணத்துக்காகத் தேய்ந்த எஞ்சினை அதன் கடினமான 13 மணி நேரத்துக்குள் தள்ளி, நடுவில் கிராங்க் போனால்?

அரசு வாடகை இன்னும் குறைவு. அந்த வருடம் வேளாண் பொறியியல் துறையின் டிராக்டர் மணிக்கு 500 ரூபாய்தான். அந்தத் துறையின் ஆன்லைன் சேவையான இ-வாடகை வழியாகப் பதிவு செய்யலாம், முன்பணம் கட்ட வேண்டும். பல ஊர்களில் கூட்டுறவு சங்கங்களும் வண்டி வைத்திருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் தேவை. எனவே நாற்று விடுகிற அன்றே பதிவு செய்துவிட வேண்டும்; நாற்று பறிக்கிற அன்று போய் நின்றால் எங்கும் கிடைக்காது.

தனியார் வண்டியில் உள்ள பலவீனம், வருகிறேன் என்று சொன்ன நாளில் வராமல் போவது. அதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். எல்லா வயலையும் ஒரே ஆளுக்கு, ஒரே மூச்சில் முடிப்பதாகப் பேசுங்கள். துண்டு துண்டாக அரை ஏக்கருக்குக் கூப்பிட்டால் யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள். வரப்பை முந்தின நாளே வெட்டி, தண்ணீரைக் கட்டி ஊற வைத்து, வண்டி இறங்கும் பாதையைச் சரி செய்து வையுங்கள். மீட்டர் ஓடுகிற நேரத்தில் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தால் 1,100 ரூபாய் 1,500 ஆகிவிடும்.

வண்டியை மாற்றுவது

வைகாசியில் பழைய வண்டி வாங்கப் போகாதீர்கள். சீசன் தொடங்குகிற வாரத்தில் நன்றாக ஓடுகிற வண்டியை ஒருவர் எதற்கு விற்கிறார் என்று முதலில் கேளுங்கள். அவசரத்தில் இருப்பது நீங்கள் என்று தெரிந்தால் விலையும் இறங்காது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், எஞ்சின் ஆறியிருக்கும் அதிகாலையில் போய், நீங்களே செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அந்த உள்ளங்கைச் சோதனையைச் செய்யுங்கள். ஆர்சி புத்தகத்தில் கடன் பதிவு ரத்தாகியிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புது வண்டிக்கு ஆறு, ஏழு லட்சம் ஆகும். 50 எச்பிக்கு மேல் போனால் 2023 ஜனவரி முதல் புது மாசு விதி. அதற்குக் கீழே நம் ஊர் மெக்கானிக்குக் கைவந்த பழைய மாதிரி டீசல் பம்புகளே பெரும்பாலும் தொடர்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பது நல்ல செய்தி. டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18லிருந்து 5 ஆகியிருப்பதால் பழைய வண்டிக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் ஐந்து ஏக்கர் சொந்த உழவை மட்டும் வைத்து ஏழு லட்சத் தவணையைக் கட்ட முடியாது. வெளி வாடகைக்கு ஓட்ட உங்களுக்கு ஆளும் நேரமும் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

என் வண்டிக்கு என்ன ஆனது

வாஷர், நாசில், ஏர் கிளீனர், ரேடியேட்டர், கியர் ஆயில் வேலைகளை இரண்டு நாளில் முடித்தோம். சேறடிக்க வாடகை வண்டி. என் வண்டி அந்தச் சீசன் முழுக்க நாற்றுக் கட்டு, உர மூட்டை, வைக்கோல் ஏற்றியது. தினமும் காலையில் குச்சியைப் பார்த்து ஆயில் ஊற்றினேன். ஊற்றிய அளவைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைத்தேன். அளவு திடீரென்று கூடினால் நிறுத்திவிடலாம் என்பதற்காக. கூடவில்லை. சம்பா உழவுக்கும் அதே ஏற்பாடு.

மாசியில் பிரித்தோம். லேத்துப் பட்டறையில் அப்போது கூட்டமே இல்லை. காலையில் கொடுத்ததை மறுநாள் மாலை தந்தார்கள். லைனரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் படி தட்டியது, முதல் ரிங் பிளேடு மாதிரித் தேய்ந்திருந்தது. கிராங்க்கைத் துணியால் துடைத்து அண்ணன் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கோடு இல்லை. பேரிங்கை மட்டும் அதே சைஸில் மாற்றிவிட்டு மூடினோம். பங்குனி, சித்திரையில் புழுதி உழவை மேலாக, மெதுவாக ஓட்டி 50 மணி நேரத்தை முடித்து ஆயிலை மாற்றினேன். பழைய கரிக் கணக்கு சுவரில் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் இப்போது எழுத ஒன்றும் இல்லை, ஆயில் மாற்றிய தேதிகளைத் தவிர.